எட்டு மூட்டை வண்டி

போன மாதம் மகள் பார்சலில் அனுப்பியிருந்த மிக்சியை வாங்கி வர, கள்ளக்குறிச்சி பைபாஸில் புதிதாக வந்திருக்கும் ஒரு கிடங்குக்குப் போனேன். வாசலில் சின்ன வேன்கள் வரிசையாக நின்றன. அதில் ஒரு வேனின் பின்பக்கத்தைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. வில் மாதிரி வளைந்திருக்க வேண்டிய ஸ்பிரிங் பட்டைகள் பாரம் தாங்காமல் நேராகிக் கிடந்தன. டயர் மேலே மட்கார்டில் உரசுகிற நிலை. அதன் மேல் இன்னும் டைல்ஸ் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாபா, இவ்ளோ ஏத்திக்கினு எங்க போவப் போற?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"சின்னசேலம் தாண்டி போவணுங்க," என்றவன், சுவரில் இருந்த ஒரு பலகையைக் காட்டினான். அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால் வண்டியின் உரிமையாளரே பொறுப்பு என்று அதில் எழுதியிருந்தது. "ஏத்தறது அவங்க. பொறுப்பு நாங்க. கேட்டா, நீங்க எங்க வேலக்காரரு இல்ல, பார்ட்னரு, உங்க சொந்தத் தொழிலுன்றாங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் சொந்த வேன் ஓட்டிவிட்டு ஓய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். வேன் ஸ்டாண்டில் இருக்கிற பிள்ளைகள் எப்போதாவது, "தனகோட்டி அண்ணா, நீங்க மலைக்கு ஓட்டுன கதையச் சொல்லுங்க" என்பார்கள். கரடி குறுக்கே வந்தது, ஓடையில் வண்டி மாட்டியது என்று சிரிக்கிற மாதிரியான கதைகளைத்தான் சொல்லியிருக்கிறேன். முருகேசன் கதையைச் சொன்னதில்லை. அந்தப் பலகையைப் பார்த்த பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் அப்பா அம்மா இரண்டு பேரும் வடக்கனந்தல் பக்கம் கூலிக்குக் கரும்பு வெட்டியவர்கள். நான் லாரியில் கிளீனராகப் போய், டிரைவராகி, அடுத்தவர் வண்டியை அடுத்தவர் சொன்ன இடத்துக்கெல்லாம் ஓட்டி, கடைசியில் பேங்கில் சுயதொழில் கடன் கிடைத்து ஒரு பழைய வேன் வாங்கினேன். அவ்வளவுதான் என் படிப்பும் பயிற்சியும். என் கூடவே கிளீனராக இருந்த முருகேசனும் அதே வருஷம், அதே மாதிரி வேன் ஒன்று எடுத்தான். கள்ளக்குறிச்சிக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவில் சாமான் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் தொழில். ஏறும்போது உப்பு, மண்ணெண்ணெய், பள்ளிக்கூடத்துப் பலகை, ஆஸ்பத்திரி மருந்துப் பெட்டி. இறங்கும்போது புளி, கடுக்காய், மரவள்ளிக் கிழங்கு.

வண்டி எவ்வளவு தாங்கும் என்ற கேள்விக்கு அப்போது எங்களிடம் இருந்த பதில், இடம் இருக்கிற வரைக்கும் தாங்கும் என்பது. பஞ்சு மூட்டை வண்டி நிறைய ஏறினாலும் கனம் கிடையாது. கிழங்கு மூட்டை பாதி வண்டிக்கு ஏறினாலே வண்டி உட்கார்ந்துவிடும். இந்த வித்தியாசம் கூட ஒரு முறை மலையிறங்கும்போது பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி, காலுக்கு எதுவுமே தட்டுப்படாமல் போனபோதுதான் எனக்கு உறைத்தது. நல்லவேளை, அங்கே ஒரு மேடு இருந்தது. வண்டி தானாக நின்றது. சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, பிரேக் டிரம் ஆறும் வரை அங்கேயே குந்தியிருந்தேன்.

அதற்கடுத்து, வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று கொடுக்கிற எப்.சி.க்குக் காட்டப் போனேன். பிரேக் இன்ஸ்பெக்டர் என் வயசுக்காரர். எப்போதும் நின்றுகொண்டே வேலை பார்ப்பார். நாற்காலி போட்டாலும் உட்கார மாட்டார். வண்டியை ஒரு சுற்று வந்துவிட்டு, பெடலை ஒரு மிதி மிதித்துப் பார்த்தார்.

"எவ்வளவு ஏத்துவ?"

"ஒரு டன்னு தாங்கும் சார்."

"யாரு சொன்னது?"

"வித்தவரு சொன்னாரு."

"வித்தவரா உங்கூட மலை ஏறுவாரு? எடை மேடைக்குப் போ. காலி வண்டியை ஏத்திப் பாரு. அப்புறம் நீ எப்படிக் கிளம்புவியோ அப்படியே ஏறி உட்கார்ந்து பாரு. பார்த்துட்டு வந்து சொல்லு, எப்.சி. தரேன்."

தியாகதுருகம் ரோட்டில் ஒரு அரிசி மில்லில் எடை மேடை இருந்தது. போய் நிறுத்தினேன். ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு எடை போட்டிருக்கும்: காலி வண்டியின் எடை, பாரத்தோடு சேர்த்து அது போகக்கூடிய மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வண்டி தூக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட பாரம். என் வண்டிக்கு அது ஒரு டன். ஆனால் புத்தகத்தில் இருந்த காலி எடை, கம்பெனியிலிருந்து வந்த நாளின் எடை. அதற்குப் பிறகு எனக்கு முந்தியவர் பக்கவாட்டில் மரப்பலகை அடித்திருந்தார். நான் என் பங்குக்கு மேலே இரும்புக் கேரியர் போட்டிருந்தேன். தார்ப்பாய், கயிறு, ஜாக்கி, மலைக்கென்று வைத்திருந்த இரண்டாவது ஸ்டெப்னி, தண்ணீர் கேன் எல்லாம் வேறு. டிரைவர் சீட்டில் உட்காருகிற நான் கூடப் பாரத்தில் சேர்த்தி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எல்லாம் போக மிச்சம், நூறு கிலோ மூட்டையாக எட்டு. ஒன்பதாவது மூட்டைக்கு என் வண்டியில் இடம் இருந்தது, அனுமதி இல்லை.

இன்ஸ்பெக்டரிடம் வந்து சொன்னேன். "ஞாபகம் வச்சுக்க" என்றார். எப்.சி. கொடுத்துவிட்டுச் சொன்னார்: கனத்தைப் பின்சக்கரத்துக்கு முன்னால் வை, பின்னால் தள்ளினால் முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் சொன்னபடி கேட்காது. எந்த கியரில் ஏறுகிறாயோ அதே கியரில் இறங்கு, எஞ்சின் பிடிக்கட்டும், பிரேக்கை மட்டும் நம்பாதே. நின்ற இடத்திலேயே இவ்வளவும் சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். நான் முருகேசனையும் எடை மேடைக்குக் கூட்டிப்போனேன். அவன் வண்டியும் எட்டுதான். "போடா, எட்டு மூட்டை வண்டிய வச்சிக்கினு எவன்டா பொழைக்கிறது" என்று சிரித்தான். ஆனால் அதற்குப் பிறகு முடிந்த மட்டும் எட்டோடு நிறுத்தினான்.

முடியாமல் போனதற்குக் காரணம் மண்டிக்கார நடேசன்.

அவரைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அவரைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. நெற்றியில் விபூதி, தோளில் துண்டு, எப்போதும் ஒரு பன்னீர் சோடாவை நம் கையில் திணிப்பார். மலையிலிருந்து இறங்குகிற புளியில் பாதிக்கு மேல் அவர் மண்டிக்குத்தான் வரும். எங்களைப் போன்ற வேன்காரர்களுக்கு அவரை விட்டால் திரும்பும் லோடு கிடையாது. ஒன்பதாவது மூட்டையை அவர் ஏற்றச் சொல்லவே மாட்டார். மூட்டையைப் பார்ப்பார், வண்டியைப் பார்ப்பார், "பாவம், அந்த ஒண்ணு மட்டும் நிக்குது பாரு" என்பார். நாம் தயங்கினால், "உன் வண்டி தனகோட்டி, உன் இஷ்டம். நான் இன்னாத்த சொல்றது?" என்பார். அடுத்த வாரம் நம்மைக் கூப்பிட மாட்டார். கேட்டால், "உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு வேற ஆளப் பாத்துக்கினேன்" என்பார். அவரிடம் வேலைக்காரனாக இருந்திருந்தால் கூடத் தேவலை. திட்டியிருப்பார், நாமும் எதிர்த்துப் பேசியிருக்கலாம். சொந்தத் தொழில் என்று ஒரு பெயரை வைத்து, முடிவு எடுத்த மாதிரி நம்மையே நடிக்க வைத்தார்.

இப்படி இருக்கும்போதுதான் இட ஒதுக்கீடு கேட்டு மறியல் ஆரம்பித்தது. நினைத்த நினைத்த இடத்தில் புளிய மரத்தையும் வேப்ப மரத்தையும் வெட்டி ரோட்டில் சாய்த்தார்கள். லாரிக்காரர்கள் பயந்து வண்டிகளை வெளியே எடுக்கவில்லை. பஸ்கள் திடீர் திடீரென்று நின்றன. அவர்கள் கேட்டதில் நியாயம் உண்டா இல்லையா என்று யோசிக்கிற நிலைமையில் நான் அப்போது இல்லை. ஒரு நாள் வடக்கனந்தல் தாண்டி வரும்போது கல் பறந்து வந்து என் முன்கண்ணாடி நொறுங்கியது. கல்லை விட்டவன் முகத்தைப் பார்த்தேன். அடிவாரத்து ஊர்ப் பையன், ஏழுமலை என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். "உங்க கோரிக்கைக்கு என் கண்ணாடி இன்னாடா பண்ணுச்சு?" என்று கண்ணாடி இல்லாத வண்டியில் காற்றில் கத்திக்கொண்டே போனேன். மறியல் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கசந்தது.

அந்த நாளைச் சொல்கிறேன். கரியாலூரில் நடேசனுக்கு ஒரு கொட்டகை. அதில் இருபத்திரண்டு மூட்டை புளி கிடந்தது. கோடை மழை எந்த நேரமும் பிடிக்கும் போல மேகம் திரண்டு நின்றது. மறுநாளிலிருந்து மறியல் இன்னும் பலமாகும் என்று பேச்சு. நானும் முருகேசனும் வண்டிகளோடு போயிருந்தோம். நடேசனும் ஜீப்பில் வந்திருந்தார். மூட்டை தூக்குகிறவர்களுக்குச் சின்னப்பொண்ணு என்ற மலைக்காரப் பெண்தான் தலைவி மாதிரி. முதலில் என் வண்டியில் எட்டு ஏற்றினாள். எட்டோடு கயிறு போட்டேன்.

"ஒரு எட்டு போயி எறக்கிட்டு மறுபடியும் வரேங்க. சாயந்திரத்துக்குள்ள எல்லாத்தையும் எறக்கிடலாம்," என்றேன் நடேசனிடம்.

"மறுபடியும் வர ரோடு இருக்குமா? மேல வேற பாரு, எப்படிக் கட்டிக்கினு நிக்குதுன்னு." பிறகு முருகேசனிடம் திரும்பினார். "உனக்கு முடியும்னா பாருப்பா. இல்லன்னா நனஞ்சா நனஞ்சிட்டுப் போவுது. நமக்கு இன்னா விதிச்சிருக்கோ."

முருகேசன் என்னைப் பார்த்தான். அவனைத் தனியே இழுத்துப்போய், "வேணாம்டா, பதினாலு மூட்டைடா," என்றேன்.

"எனக்குத் தெரியாதா மச்சான்? போன மாசம் பூரா இவுரு என்னக் கூப்டல. இன்னிக்கும் இல்லன்னா நான் எங்க போறது?"

பதினாலு மூட்டையும் ஏறியது. அத்தோடு முடியவில்லை. பஸ் இல்லாததால் கீழே போக வேண்டிய மலை சனங்கள் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். நான் லோடு மேல் ஆள் ஏற்ற மாட்டேன் என்பது அவர்களுக்குத் தெரியும். முருகேசன் வண்டிப் பக்கம் போனார்கள். அவன் தலையை ஆட்டி மறுத்தான். நடேசன்தான் ஜீப்பில் ஏறியபடியே சொன்னார்: "பாவம், சனங்க. எப்படிப் போவும்? மனுசனுக்கு மனுசன் இதுகூடப் பண்ணலன்னா எப்படி?" மூட்டைகளின் மேல் எல்லாரும் ஏறிக்கொண்டார்கள். சின்னப்பொண்ணும் ஏறினாள். ஜீப் முன்னால் போய்விட்டது.

முருகேசன் முன்னே, நான் பின்னே. இரண்டு வளைவு தாண்டுவதற்குள் அவன் வண்டியிலிருந்து பிரேக் கருகுகிற வாசனை எனக்கு வந்துவிட்டது. ஹாரன் அடித்தேன். அவன் கையை வெளியே நீட்டி ஆட்டினான், தெரியும் என்கிற மாதிரி. நிறுத்தப் பார்த்திருக்கிறான், நிற்கவில்லை. அடுத்த வளைவில் இடது பக்கம் பள்ளம். வண்டி வேகம் பிடித்தது. மேலே இருந்தவர்கள் கத்தியது எனக்குக் கேட்டது. நேராகப் போயிருந்தால் எல்லாரும் பள்ளத்தில். அவன் ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒடித்து, மலையை வெட்டி விட்டிருந்த மண்சுவரில் கொண்டுபோய் மோதினான். ஆட்கள் ரோட்டிலும் மண்ணிலும் சிதறி விழுந்தார்கள். மூட்டைகள் எல்லாம் முன்னால் பாய்ந்து, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த தகட்டை நெளித்துக்கொண்டு, அவனை ஸ்டீயரிங்கோடு அமுக்கிவிட்டன.

நான் ஓடினேன். சின்னப்பொண்ணு ஒரு கை முறிந்து தொங்க, மறு கையால் கதவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஆளுங்க?" என்றான் முருகேசன்.

"எல்லாரும் இருக்காங்கடா. ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல."

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. என் வண்டியில் இருந்த எட்டு மூட்டையையும் ரோட்டில் தள்ளினேன். அவனையும், அடிபட்டவர்களையும் படுக்க வைத்து, முதல் கியரிலேயே இறங்கினேன். அடிவாரத்தில் ஒரு மரம் ரோட்டை அடைத்துக் கிடந்தது. அதைச் சுற்றி மறியல் பையன்கள். எனக்கு அந்த நேரத்தில் வந்த கோபத்தில் யாரையாவது கொன்றிருப்பேன். ஆனால் நான் வாயைத் திறக்கும் முன்பே ஒருவன் வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "டேய், மரத்த இழுங்கடா!" என்று கூவினான். ஏழுமலை. அத்தனை பேரும் சேர்ந்து மரத்தை ஓரம் தள்ளினார்கள். ஏழுமலையும் இன்னும் மூன்று பேரும் என் வண்டியில் ஏறினார்கள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வரைக்கும் முருகேசன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவன் அவன்தான்.

ஆஸ்பத்திரியில் முருகேசன் உயிர் இல்லை என்று சொன்னார்கள்.

நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். நடேசன் வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் கேட்ட முதல் கேள்வி: "மூட்டைங்க எல்லாம் அப்டியே ரோட்லதான் கெடக்குதா?"

பிறகு என் பக்கம் சாய்ந்து குரலைத் தணித்தார்.

"நீ பின்னால வந்தியே, பாத்திருப்ப. கல்லு வந்து வுழுந்துச்சு, வண்டி தடுமாறிச்சு."

"கல்லு எதுவும் வுழலீங்க."

"வெவரம் புரியாம பேசாத. கலவரத்துல செத்தான்னா அஞ்சலைக்கு சர்க்கார் ஏதாவது பண்ணும். பாரம்னு சொன்னா இன்சூரன்ஸ்காரன் கூட எட்டிப் பாக்க மாட்டான். எனக்காகவா சொல்றேன்? ரெண்டு புள்ளைங்கள வச்சிக்கினு அது இன்னா பண்ணும்? யோசன பண்ணு."

அவர் போலீசிடம் ஏற்கெனவே அப்படித்தான் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்த ஏழுமலையையும் அந்த மூன்று பேரையும் அங்கேயே பிடித்துப்போனார்கள். சட்டையில் ரத்தம் இருக்கிறதே என்று கேட்டார்களாம். முருகேசனின் ரத்தம். அவனைத் தூக்கிக்கொண்டு வந்த ரத்தம்.

முருகேசனை எடுத்த மறுநாள் காலையில் அவன் மனைவி அஞ்சலை எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் மனைவி கொடுத்த காப்பியைத் தொடவில்லை.

"கல்லுன்னு சொன்னா எனக்கு நல்லதுன்னு மண்டிக்காரரு ஆளு வுட்டுச் சொல்றாரு அண்ணா. நீங்கதான் பாத்தவரு. கல்லு வுழுந்துச்சா?"

"இல்லமா."

"பின்ன எப்படி?"

சொன்னேன். பதினாலு மூட்டையையும், மேலே ஏறிய சனங்களையும், கடைசி நேரத்தில் அவன் எந்தப் பக்கம் ஒடித்தான் என்பதையும், அடிவாரத்துப் பையன்கள் மரத்தை இழுத்ததையும் சொன்னேன். அவள் அழாமல் கேட்டாள்.

"அவரு தலைய மடியில வச்சிக்கினு வந்த புள்ளையவா புடிச்சு வச்சிருக்காங்க?"

"ஆமாம்மா."

காப்பி டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். "அந்தப் பழியில வர்ற சோறு என் புள்ளைங்களுக்கு வேணாம். நீங்க பாத்தத சொல்லுங்க. ஆனா அண்ணா, அவரு மேல தப்புன்னு மட்டும் வந்துடக் கூடாது."

"வராதுமா," என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

ஸ்டேஷனுக்குப் போனேன். கல் விழவில்லை என்றேன். "அந்தப் பசங்க உனக்குச் சொந்தமா?" என்று கேட்டார்கள். "அதுல ஒருத்தன் என் கண்ணாடிய ஒடச்சவன் சார். அதுக்குப் புடிங்க, சந்தோசப்படுறேன். இதுக்குப் புடிக்காதீங்க," என்றேன். சின்னப்பொண்ணும் கையில் கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சொன்னாள்: "எத்தினி மூட்டைன்னு என்னக் கேளுங்க. தூக்குனது என் முதுகு."

நல்ல காலம், வண்டியைப் பார்க்க வந்தவர் அதே பிரேக் இன்ஸ்பெக்டர். மூட்டைகளை அதற்குள் நடேசன் ஆட்கள் எடுத்துப்போய்விட்டிருந்தார்கள். ஆனாலும் அவர் சாலையில் மண்டியிட்டு, வண்டிக்கு அடியில் போய், சக்கரத்தைக் கழற்றச் சொல்லி டிரம்மைப் பார்த்தார். வெந்து நீலம் பாரித்திருந்தது. ஸ்பிரிங் பட்டை இரண்டு முறிந்திருந்தது. கண்ணாடியில் கல் பட்ட அடையாளமே இல்லை, மண்சுவரில் மோதியதில் உடைந்தது என்றார். கல்லும் இல்லை, கலவரமும் இல்லை, பாரம்தான் காரணம் என்று எழுதினார். நான்கு பையன்களையும் விட்டுவிட்டார்கள்.

அதோடு கதை நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே மாதத்தில் கேஸை முடித்தபோது வந்த முடிவு இது: அளவுக்கு மேல் பாரமும் ஆட்களும் ஏற்றிய ஓட்டுநரின் அலட்சியம். ஓட்டுநர் இறந்துவிட்டதால் மேல் நடவடிக்கை இல்லை. நடேசன் பெயர், சரக்கைப் பறிகொடுத்தவர் என்ற இடத்தில்தான் வந்தது. மூட்டை யாருடையது, ஆட்களை ஏற்றச் சொன்னது யார், மாதக் கணக்கில் லோடு கொடுக்காமல் அவனைக் காயப்போட்டது யார் என்பதையெல்லாம் யாருமே கேட்கவில்லை.

நான் இன்ஸ்பெக்டரைத் தேடிப்போய்ச் சத்தம் போட்டேன். எப்போதும் நிற்கிற மனிதர், அன்றைக்கு உட்கார்ந்திருந்தார்.

"வண்டியைச் சோதனை போடத்தான் என்னை வச்சிருக்காங்க. மண்டியைச் சோதனை போட எனக்கு அதிகாரம் இல்லை," என்றார். "அவன் வலது பக்கம் திருப்பினதால்தான் மத்தவங்க பிழைச்சாங்கன்னும் எழுதியிருக்கேன். அந்த வரியை யாரும் படிக்கலை."

அஞ்சலையிடம் நானே போய்ச் சொன்னேன். வேறு யார் வாயிலிருந்தும் அவள் கேட்கக் கூடாது என்று நினைத்தேன். "வராதுன்னு சொன்னீங்களே," என்றாள். அவ்வளவுதான். கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த வாரம் நான் மண்டிப் பக்கம் போனபோது, உள்முற்றத்தில், எங்கள் வண்டி மாதிரியே பலகையும் கேரியரும் அடித்த ஒரு புது வேன் நின்றது. தியாகதுருகத்துக்குப் போகிற லோடு. மேலூரிலிருந்து வந்த யாரோ ஒரு புதுசு; பொட்டு வைத்த ஸ்டீயரிங்கில் மாலை கூட வாடவில்லை. ஒன்பதாவது மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. பத்தாவது ஒரு ஆள் தோளில். நடேசன் கல்லாவிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்: "உன் வண்டிப்பா. உன் இஷ்டம்."

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியாது. என் வண்டியை எடுத்து, மண்டி வாசலுக்குக் குறுக்கே கொண்டுபோய் நிறுத்தினேன். உள்ளே இருக்கிற எந்த வண்டியும் வெளியே போக முடியாதபடி. சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். அத்தனை நாளாக மறியல்காரர்களைத் திட்டித் தீர்த்தவன், கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் தனி ஆளாக மறியல் பண்ணினேன்.

"இன்னா தனகோட்டி இது? வண்டிய எடுப்பா," என்றார் நடேசன்.

"எட்டுக்கு மேல இருக்கறத எறக்கச் சொல்லுங்க. எடுக்கறேன்."

"அவன் வண்டி, அவன் ஏத்தறான். உனக்கு இன்னா வந்துச்சு?"

"முருகேசனும் அவன் வண்டியிலதான் ஏத்துனான். ஏத்துனது யாருன்னு இங்க எல்லாருக்கும் தெரியும்."

கூட்டம் சேர்ந்துவிட்டது. அப்போதுதான் அந்த மனிதர் முதல் தடவையாகக் கத்தினார். "எட்றா வண்டிய! போலீசக் கூப்புடுவேன்! நாளயிலருந்து உனக்கு ஒரு மூட்ட கெடயாது!"

"கூப்புடுங்க. அவங்க முன்னால எட போடலாம்."

ஸ்டாண்டில் இருந்து மற்ற வேன்காரர்கள் ஓடி வந்தார்கள். யாரும் என் பக்கம் நிற்கவும் இல்லை, எதிராகப் பேசவும் இல்லை. அவர்களுக்கும் பயம், நடேசனை விட்டால் லோடு ஏது? எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ. வெயில் மண்டையைப் பிளந்தது. கோபம் வடிந்து, பேங்க் கடன் தவணை ஞாபகத்துக்கு வந்தது. அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு இரண்டு பெண்கள் வந்தார்கள். மாவுக்கட்டைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த சின்னப்பொண்ணு. அந்தச் சாவுக்குப் பிறகு பழக்கமாகி, அவளுக்குத் துணையாக வந்த அஞ்சலை.

அஞ்சலை என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக என் வண்டிக்கு முன்னால் போய், புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். நடேசனைப் பார்த்துச் சொன்னாள்: "பதினாலு மூட்டைய எம் புருசன் முதுகு மேல வச்சீங்க. தப்பு அவருதுன்னும் எழுதிக்கினீங்க. இந்தப் பையன் பேரையாவது எனக்குச் சொல்லுங்க. நாளைக்கு இவன் பொண்டாட்டிய நான் எங்க போயி பாக்கறது?"

அந்தப் புது வேன்காரப் பையன் தன் வண்டியின் பின்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தான். ஸ்டாண்டில் வயதில் மூத்த டிரைவர் ஒருவர் போய்த் தன் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து என் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அவருக்குப் பின்னால் இன்னொன்று.

சின்னப்பொண்ணு மூட்டைக்காரர்கள் பக்கம் திரும்பினாள். அவர்களில் பாதிப் பேர் அவள் ஊர்க்காரர்கள். "இன்னா பாத்துக்கினு நிக்கறீங்க? எறக்குங்க."

தோளில் மூட்டையோடு நின்றவன் நடேசனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். மூட்டையைத் திண்டில் போட்டான். இரண்டு பேர் வண்டியில் ஏறினார்கள். ஒன்பதாவது மூட்டை தரையைத் தொடுகிற வரைக்கும் நான் பையிலிருந்த சாவியைத் தொடவில்லை.